‘பவர் கட்’டின் பதினோரு ரசிகர்கள்

1

சென்ற நவம்பரில் எங்கள் வீட்டில் ஒரு துக்கம். ஊரில் இருக்கிற உறவினர்கள் பதற வேண்டாம், எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். என் மகள் பிரியாவின் அறைச் சுவரில் ஐந்து பையன்கள் சட்டைப் பொத்தான் போட மறந்து நிற்பார்கள். பாடுகிறவர்களாம். அவர்களில் ஒருவன், தலையில் பாதியை மஞ்சளாக்கிக்கொண்டவன், இனிமேல் தனியாகப் பாடப்போவதாகத் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டான். பன்னிரண்டு வயது பிரியா போர்வைக்குள் போனாள். இரண்டு நாள் வெளியே வரவில்லை.

தெற்கு ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் இந்தச் சிற்றூரில் எந்த உணர்ச்சிக்கும் ஒரு தாள் உண்டு. மறுநாளே பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ‘மாணவியரிடையே நிலவும் துயரத்தைப் பெற்றோர் ஏளனம் செய்ய வேண்டாம்’ என்று எழுதி, படித்ததற்கு அடையாளமாகக் கீழே கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். என் மனைவி மல்லிகா கொரட்டூர்க்காரி. தாளை இரண்டு முறை படித்துவிட்டு, “சோறு துன்னாம கெடக்கறதுக்கு கையெழுத்து வேற போடணுமா? எங்க ஊட்ல ஒரு அறை உட்டா முடிஞ்சிருக்கும்” என்றாள். பிறகு, ஏளனம் செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டாள்.

ஆறுதல் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பதினான்கு வருடமாக இங்கே இருந்தும் என் ஜெர்மன், தொழிற்சாலை ஜெர்மன். திருகு, பேரிங், எண்ணெய்க் கசிவு எல்லாம் சரளமாக வரும். மனித உறவுகள் வராது. ‘பாட்டுக் குழு என்றால் ஒரு நாள் பிரிந்துதான் போகும்’ என்று சொல்ல நினைத்தேன். நான் சொன்னதற்கு, ‘பாட்டுக் குழு என்றால் ஒரு நாள் மரை கழன்று கீழே விழுந்துதான் போகும்’ என்று அர்த்தமாம். போர்வை குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிரியாவுக்குப் பசிக்கும்போது மட்டும் தமிழ் வரும். அன்று பசியில்லை, ஜெர்மனில்தான் கேட்டாள்: “நீ யாருக்காவது ரசிகனாக இருந்திருக்கிறாயா, பப்பா?”

“இருந்தேன். ‘பவர் கட்’ என்று ஒரு குழு. ஆவடியில்.”

“பெரிய குழுவா?”

“நான்கு பேர்.”

“எத்தனை ரசிகர்கள்?”

“பதினோரு பேர்.”

கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். ஒரு ரசிகர் இன்னொரு ரசிகரைப் பார்க்கும் பார்வை அது. “அவர்கள் ஏன் பிரிந்தார்கள்?” என்று கேட்டாள்.

“வேலை, கல்யாணம்… அப்படித்தான்” என்றேன். பிறகு சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினேன். சொன்னது பொய் என்று அப்போது நம்பினேன். மகளிடம் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியம்தான்.

2

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது. டிப்ளமோ முடித்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டர் வேலை. அடுத்தவன் கடைந்த இரும்பில் குறை கண்டுபிடிப்பதுதான் தொழில். என்னோடு வேலை பார்த்த கோபி, பக்கத்து ஊரான பாடியிலிருந்து சைக்கிளில் வருவான். அவன்தான் ஒருநாள், “மச்சான், ஆவடி சேக்காட்ல நம்ம ஆளுங்களே இங்கிலீஷ் பாட்டு பாடறானுங்களாம். வெள்ளக்காரன் தோத்தான்னு சொல்றானுங்க. வர்றியா?” என்று இழுத்துப் போனான்.

‘ஞாயிறு மாலை ஆறு மணிக்கு பவர் கட்’ என்று தெருவெங்கும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதை மின்வாரிய அறிவிப்பு என்று நினைத்த பெண்கள் ஐந்தரைக்கே குழம்பை இறக்கிவிட்டு, லாந்தருக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் தயாராக இருந்தார்கள். ஆறு மணிக்கு விளக்கு அணையவில்லை. கிட்டார் சத்தம்தான் கேட்டது. ஏமாந்த கோபத்தில் சிலர் மேடைக்கு வந்து, “கரண்டு போவுமா போவாதா, ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டார்கள். இரண்டாவது பாட்டில் நிஜமாகவே போனது. குழு தன் பெயரை அப்படித்தான் காப்பாற்றிக்கொண்டது.

கிட்டார் வாசித்துப் பாடியவர் தயாளன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். பாடியில் ஒரு வார்ப்பட ஆலையில் உலைக்கு முன்னால் நிற்கிற வேலை. பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் டிரைவரிடம் கிட்டார் கற்றுக்கொண்டவர். விரல் நுனிகளில் உலைச் சூட்டால் வந்த காய்ப்பும் கம்பியால் வந்த காய்ப்பும் கலந்து கிடக்கும். டிரம்ஸ் வாசித்தவர் பன்னீர், அதே ஆலைக்காரர். பேஸ் கிட்டார்காரர் வங்கி எழுத்தர், மேடையிலும் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் போலவே நிற்பார். நான்காமவர் மவுத் ஆர்கன். மாதத்துக்கு ஒருவர் மாறுவார்.

அவர்கள் வாசித்தது ப்ளூஸ். அமெரிக்காவில் பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பு மக்கள் தங்கள் கஷ்டத்தைப் பாடிப் பாடி உண்டாக்கிய இசை. அதில் பாட்டுக் கட்டுவது சுலபம்: ஒரு வரி, அதே வரி இன்னொரு தடவை, மூன்றாவதாக அதற்குப் பதில். முதல் தடவை சொன்னதை யாரும் கேட்கவில்லை என்பதால் இரண்டாம் தடவை சொல்கிறார்கள் என்று தயாளன் விளக்குவார். அவர் குரல் துருப்பிடித்த தகரத்தை மணலில் இழுப்பது போலிருக்கும். அந்தக் குரலில், புரியாத பாஷையில், பார்த்தேயிராத ஒரு நதியைப் பற்றி அவர் பாடியபோது எனக்குக் கண்ணீர் வந்தது. இன்றைக்கும் அதை மறுக்கமாட்டேன்.

3

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. ‘பவர் கட்’ எங்கே வாசித்தாலும் போனேன். ஆவடியில் கிறிஸ்துமஸ் கூட்டம், அம்பத்தூரில் கல்யாண வரவேற்பு, பூவிருந்தவல்லியில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழா, வேலப்பன்சாவடிப் பக்கம் புதிதாக முளைத்த கல்லூரியின் ஆண்டு விழா. அந்தக் கல்லூரியில் முதல்வர் மேடையேறி, “சினிமா பாட்டு தெரியாதுன்னா ஏன் தம்பி வந்தீங்க?” என்று மைக்கிலேயே கேட்டார். நாங்கள் பதினோரு பேரும் எழுந்து நின்று கை தட்டினோம். தனக்குத்தான் தட்டுகிறோம் என்று அவர் கும்பிட்டார்.

பதினோரு பேரும் டிப்ளமோ அல்லது பட்டப்படிப்பு. ரசிகர் மன்றம் வைப்பதைக் கேவலமாக நினைத்தோம். பாலாபிஷேகம் செய்கிற கூட்டம் வேறு, நாங்கள் வேறு என்பது எங்கள் கட்சி. ஆனால் தயாளன் தூக்கிப்போட்ட உடைந்த கம்பி ஒன்றைப் பர்ஸில் வைத்திருந்தேன். கோபி அவர் உட்கார்ந்த ஸ்டூலில் உட்கார மாட்டான். மன்றத்துக்குரிய மூடத்தனம் அத்தனையும் இருந்தது, பெயர்ப்பலகை ஒன்றுதான் இல்லை. நான்தான் தலைவன். எது அசல் ப்ளூஸ், எது கலப்படம் என்று தீர்ப்பு சொல்கிற அதிகாரத்தை நானே எடுத்துக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் இரும்பில் செய்த வேலையை மாலையில் பாட்டில் தொடர்ந்தேன்.

அந்தத் தீர்ப்புகளுக்கு ஆதாரம், என் டேப் ரெக்கார்டர். அம்பத்தூருக்கும் பாடிக்கும் நடுவே எங்களுக்கிருந்த கழனியை ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டபோது வந்த பணத்தில் அப்பா வாங்கிக்கொடுத்தது. அதில் கேசட் கேசட்டாகப் போட்டுக் கேட்பேன். ஒருநாள் கோபியிடம், “இது பன்னெண்டு பார் ப்ளூஸ்டா” என்று தாளக் கட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா காதில் விழுந்துவிட்டது. சாப்பிட்ட கையோடு வந்து நின்றார்.

“பன்னெண்டு பாரா? ஒரு பாருக்குப் போனவனே ஊடு திரும்பறதில்ல. நம்ம குடும்பத்துல எவனாச்சும் உண்டா?”

தாளம் என்று புரியவைக்க ஒரு வாரம் ஆனது. அப்புறமும் சட்டையை மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

சேக்காட்டில் தயாளன் வீட்டில்தான் ஒத்திகை. ஓட்டு வீடு, ஒரே அறை. பன்னீர் வாளியைக் கவிழ்த்துத் தட்டுவார். சனிக்கிழமை தவறாமல் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிடுவேன். தயாளனின் அப்பா முனுசாமி அந்த நேரத்தில் வீட்டில் இருந்தால், என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்வார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியே போவார். நான் கிளம்புகிறவரை உள்ளே வரமாட்டார். முதுகு வளைந்த மனிதர், நின்றாலும் எதையோ தேடுவது போலிருக்கும்.

பெரியவருக்கு ப்ளூஸ் பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.

4

இந்த ஊரிலும் ப்ளூஸ் உண்டு. நகராட்சிக் கட்டடத்தின் நிலவறையில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கூடுகிறார்கள். உறுப்பினராக ஒரு படிவம், வெளியேற இரண்டு படிவம். சங்கத் தலைவர் தபால்காரர். அரசு உத்தியோகம், ஆறு வாரம் விடுமுறை, சொந்த வீடு, இத்தனையும் இருந்தும் ‘என் வீடும் போச்சு, என் குதிரையும் போச்சு’ என்று கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் பாடுவார். எதிரில் ஐம்பது பேர் தலையை ஆட்டுவோம்.

டிசம்பரில் பிரியாவின் துக்கம் தணிந்தபின் அங்கே போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் பல் டாக்டர். பேஸ் கிட்டார் வாசிப்பவர்.

“உங்களுக்கு சிதார் இருக்கிறதே. இதெல்லாம் பிடிக்கிறதா?” என்றார்.

“எங்கள் ஊரிலேயே ஒரு ப்ளூஸ் குழு இருந்தது” என்றேன்.

அவர் அன்பாகச் சிரித்தார். “இதற்கு வலி தெரிந்திருக்க வேண்டும், நண்பரே.”

வலியைப் பற்றி ஒரு பல் டாக்டர் சொல்லும்போது எப்படி மறுப்பது? ஆனால் ரசிகனின் ரோஷம் விடவில்லை. தயாளனைப் பற்றிச் சொன்னேன். உலை, ரயில் டிரைவர், வாளி, குரல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உண்மையிலேயே ஆர்வமாகிவிட்டார்.

“எந்த மொழியில் பாடினார்கள்?”

“ஆங்கிலத்தில்.”

“ஏன்? உங்களுக்குத்தான் சொந்த மொழி இருக்கிறதே, அதில் பாடியிருக்கலாமே?”

மேடையில் தபால்காரர் ஆங்கிலத்தில் மூன்றாவது குதிரையைத் தொலைத்துக்கொண்டிருந்தார். அதைச் சுட்டிக்காட்டி டாக்டரை மடக்கியிருக்கலாம். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வெளியே பனி. ஏன் கிளம்பிவிட்டாய் என்று வாசலில் ஒருவர் கேட்டதற்கு, ‘எனக்குக் குளிர்கிறது’ என்று சொல்வதாக நினைத்து ‘நான் நெஞ்சில் ஈரமில்லாதவன்’ என்று சொல்லிவிட்டேன். என் ஜெர்மனில் நேர்ந்த பிழைகளிலேயே அது ஒன்றுதான் சரியாக அமைந்தது.

5

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

தயாளன் வேலை பார்த்த ஆலையில் தொழிலாளர் குடும்ப விழா. மாலை நான்கு மணிக்குப் பந்தல் நிறையக் கூட்டம். பிள்ளைகளுக்கு பலூன், பெரியவர்களுக்கு முறுக்கும் மிக்சரும். ‘பவர் கட்’டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை, பன்னீர் பேசி எங்கள் பதினோரு பேரையும் இரண்டாவது வரிசையில் உட்காரவைத்தார். ஓரத்தில் முனுசாமியைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையவில்லை. மகன் வாசிப்பதைக் கேட்க அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

மூன்று ஆங்கிலப் பாட்டு முடிந்தது. நாங்கள் தட்டினோம். மற்றவர்கள் முறுக்கைக் கடித்தார்கள். நான்காவது பாட்டுக்கு முன்னால் தயாளன் மைக்கை இழுத்துக்கொண்டு, “இத்து நானே கட்னது. தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க” என்றார். அதே ப்ளூஸ் தாளம், அதே இழுப்பு. பாடினார்:

தொரக்கண்ணு கயனியில குனிஞ்சான் எங்கப்பன்,
தொரக்கண்ணு கயனியில குனிஞ்சான் எங்கப்பன்,
கயனி போயி கம்பெனி வந்தும் நிமிரல எங்கப்பன்.

பந்தலில் முறுக்குச் சத்தம் நின்றது. யாரோ ஒருவர் விசிலடித்தார். பின்னாலிருந்து ஒரு பெண், “அய்ய, நம்ம கதடி இது!” என்று உரக்கச் சொன்னார். அடுத்த சரணத்தில் கூட்டமே கை தட்டித் தாளம் போட்டது. இரண்டு வருடமாக எந்த மேடையிலும் கிடைக்காதது தயாளனுக்கு அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்தது.

துரைக்கண்ணு என்பது என் அப்பாவின் பெயர்.

எங்கள் கழனியில் குனிந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டுக்கு வந்தால் பின்வாசலில் நிற்பார்கள். தண்ணீர் கேட்டால் அம்மா கையில் ஊற்றுவாள், சொம்பைக் கொடுக்கமாட்டாள். முகங்களை நான் பார்த்ததில்லை. முனுசாமி என்னைக் கண்டதும் ஏன் பின்பக்கமாகப் போனார் என்பது, மூன்றாவது வரி முடிவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. அப்போதே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கலாம். நான் எழுந்து நின்றேன்.

“இங்கிலீஷ்!” என்று கத்தினேன். “இங்கிலீஷ்ல பாடு!”

கோபி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “இன்னா மச்சான், நல்லாதான கீது? குந்துடா.”

“இது ப்ளூஸ் இல்லடா. தமிழ்ல ப்ளூஸ் கெடையாது. கலீஜ் பண்றான்.”

தலைவன் சொன்னால் தீர்ப்பு. மற்றவர்களும் எழுந்தார்கள். “இங்கிலீஷ்! இங்கிலீஷ்!” என்று பதினோரு பேர், கோபியும்தான், இரண்டாவது வரிசையிலிருந்து கத்தினோம். பிறகு நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தோம். மேடையில் தயாளன் கையைக் கம்பிகள் மேல் வைத்துச் சத்தத்தை அமுக்கினார். என்னைத்தான் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

எங்களுக்கு முன்னால் ஒருவர் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வளைந்த முதுகு. தோளில் துண்டு இல்லை, இருந்திருந்தால் கையில் எடுத்திருப்பார்.

பந்தலுக்குள் மறுபடியும் அந்த நதிப் பாட்டு தொடங்கியது. ஆங்கிலத்தில். பிழையில்லாமல் பாடினார்.

6

அதற்குப் பிறகு சேக்காடு பக்கம் நான் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் கலையின் தூய்மை பற்றி நீண்ட விளக்கம் கொடுத்தேன். ‘பவர் கட்’ இன்னும் இரண்டு மூன்று கூட்டங்களில் வாசித்துவிட்டுக் கலைந்துபோனது என்று கோபி சொன்னான். நான் சொன்ன ஒரு வார்த்தையில் ஒரு குழுவே கலைந்தது என்பது பயமாகவும் இருந்தது, ரகசியமாகக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அடுத்த வருடம் கம்பெனி என்னைப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பியது. வந்த இடத்திலேயே வேலை கிடைத்தது, தங்கிவிட்டேன்.

இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் முதல் நாள். “குடும்பப் பெயர்?” என்றார் அந்த அம்மாள்.

“எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ரகு, அவ்வளவுதான். முன்னால் இருக்கும் ‘து’ என் அப்பா பெயரின் முதலெழுத்து.”

“குடும்பப் பெயர் இல்லாதவர் இல்லை” என்று அந்த அம்மாள் எனக்கே என்னை விளக்கினார். “அந்த எழுத்தை விரித்து எழுதுங்கள்.”

எழுதினேன். முத்திரை குத்தினார்கள். அன்றிலிருந்து ஆலையில், வங்கியில், பிள்ளையின் பள்ளியில் நான் ‘ஹெர் துரைக்கண்ணு’. மல்லிகா ‘ஃப்ராவ் துரைக்கண்ணு’. மாமனார் பெயரால் தன்னை ஊரே கூப்பிடுவது அவளுக்கு இன்றுவரை கூச்சம். எந்தப் பெயர் பாட்டில் வந்தது என்று அத்தனை தூரம் ஓடினேனோ, அதைக் கழுத்தில் கட்டி அனுப்பிவிட்டார் அந்த அம்மாள்.

அப்பா ஆறு வருடங்களுக்கு முன் காலமானார். கெட்டவர் இல்லை. அவர் தன் கழனியைப் பார்த்தார், நான் என் கேசட்டைப் பார்த்தேன். கழனியில் குனிந்தவர்களை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

7

பல் டாக்டர் கேட்ட கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஜனவரியில் ஊருக்குக் கிளம்பினேன். பிரியாவையும் அழைத்துப்போக ஆசை. பள்ளி நாளில் பிள்ளையை வெளியே கூட்டிப்போக விண்ணப்பம் போட வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் ‘திருமணம், மரணம், மருத்துவம்’ என்று மூன்றே இருந்தன. ‘ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க’ என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ‘தபால் மூலம் செய்துகொள்ளலாம்’ என்று பதில் வந்தது. தனியாகத்தான் போனேன்.

சேக்காட்டில் தயாளன் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஆலை வேலையை விட்டு, கூட்டங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிறார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வயரைக் கீழே போட்டார்.

“ரகு! இன்னா நைனா, ஜெர்மனிக்காரன் மாரியே ஆயிட்ட? உள்ள வா. காப்பி குடிக்கறியா?”

முனுசாமி இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. சுவரில் படம் இருந்தது. படத்தில் நிமிர்ந்திருந்தார். புகைப்படக்காரர் நிமிரச் சொல்லியிருக்க வேண்டும்.

விமானத்தில் ஒத்திகை பார்த்த வசனத்தை எடுத்தேன். “அண்ணாத்தே, அன்னிக்கு விழால நான் கத்தினது…”

“ஆமா, கத்துன.”

“அது ப்ளூஸ் பத்தி இல்ல. எங்கப்பா பேரு வந்துச்சு, அதான். என்னாலதான குழுவே போச்சு?”

தயாளன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“பதினோரு பேரு எய்ந்து போனதுக்கு ஒரு பேண்டு கலஞ்சிடுமா? பன்னீருக்கு ஓசூர்ல வேல கெடச்சுது, போய்ட்டான். பேஸுக்காரு ஆபீசர் பரீட்சைக்குப் படிக்கப் போய்ட்டாரு. நீ இன்னாமோ உன்னாலன்னு இத்தினி வருசமா தூக்கினு திரியறியா?”

பதினைந்து வருடமாக நான் காப்பாற்றி வைத்திருந்த பாவம் அவ்வளவு லேசாகக் கைவிட்டுப் போனது. மகளிடம் சொன்ன பொய்யும் உண்மையாகிவிட்டது. நிம்மதி வரவேண்டிய இடத்தில் எனக்கு லேசான அவமானம்தான் வந்தது.

“அப்ப உங்களுக்கு என் மேல கோவமே இல்லியா?”

சிரிப்பு நின்றது. “இருந்திச்சு. எனக்காக இல்ல. எங்கப்பாரு அந்தப் பாட்ட முழுசா கேக்கல. ஊட்ல பாடிக் காட்டறேன்னேன். ‘வாணாம்பா, அவங்க காதுல வியுந்துடப்போவுது’ன்னாரு. சாவற வரைக்கும் கேக்கவே இல்ல.” வயரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். “நீ தெரிஞ்சினுதான் கத்துனன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். உன் மூஞ்சியப் பாத்தேனே.”

மன்னிப்பு என்ற வார்த்தை தமிழிலும் எனக்குச் சரியாக வராது என்று அப்போதுதான் தெரிந்தது.

“பாடில ஒரு கேட் மீட்டிங் கீது, பத்து மணிக்கு. வர்றதுன்னா வண்டில ஏறு” என்றார் அவர்.

பாடியில் ஓர் ஆலை. புது இயந்திரங்களை இறக்கிவிட்டு ஆட்களைக் குறைத்திருந்தார்கள். கேட்டுக்கு எதிரே சாமியானா, இருநூறு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இறக்கிய இயந்திரங்கள் எந்த ஊரிலிருந்து வந்தவை என்று நான் விசாரிக்கவில்லை. ஜெர்மனியில் எங்கள் ஊரிலிருந்துதான் வந்திருக்கும் என்று தோன்றியது. நடுவில் ஒரு செய்தித்தாளைப் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், நாற்பது வயது இருக்கும், எனக்காகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

பேச்சாளர்கள் பேசினார்கள். பாதியில் கூட்டம் சலசலத்தது. “தயாண்ணே, பாடுண்ணே!” என்று குரல்கள் எழுந்தன. தயாளன் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பழைய கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் கம்பியைத் தட்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே தாளம், அதே இழுப்பு.

பாட வாயைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பெயர் வரவேண்டிய இடத்தில் அவர் பாடவில்லை, கிட்டாரை மட்டும் வாசித்துக் கடந்தார். விருந்தாளிக்கு மரியாதை.

கூட்டம் விடவில்லை. “தொரக்கண்ணு!” என்று இருநூறு தொண்டைகள் அந்த இடத்தை நிரப்பின. இரண்டாவது வரியிலும் அவர் விட்டுக்கொடுத்தார், அவர்கள் விடவில்லை. அது எத்தனை கேட்டுகளில் எத்தனை வருடமாகப் பாடிப் பழகிய பாட்டு என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. தாளம் ஓர் இழை பிசகவில்லை. மூன்றாவது வரிக்கு எல்லோரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். அது வழக்கம் போலிருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தயாளன் பாடிக் கேட்டதிலேயே ஆகச் சிறந்த பாட்டு அது. அவருடைய பழைய ரசிகனாக இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பாட்டு முடிந்ததும் பக்கத்திலிருந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

“சூப்பரா பாடறாருல்ல? ஆனா சார், எனக்கு ரொம்ப நாளா ஒரு டவுட்டு. யாரு இந்தத் தொரக்கண்ணு? நெசமா அப்டி ஒரு ஆளு இருந்தானா, இல்ல பாட்டுக்காக வச்சதா?”

“இருந்தாரு” என்றேன். “எங்கப்பா.”

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். என் காலணி, என் கைக்கடிகாரம், மறுபடி என் முகம். விளையாட்டில்லை என்று புரிந்துகொண்டார். பிறகு மேடைப் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

“தயாண்ணே! ஒன்ஸ் மோர்!”